மொனிட்டரில் படம் வரவில்லையா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் டெஸ்க்டொப் கொம்பியூட்டர் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே போகின்றன. ஆகவே முதல் மூன்றையாவது விடாமல் வாசித்துவிடுங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

சிபியு ஓடுது, ஃபேன் சத்தமும் கேக்குது. மொனிட்டர்ல 'நோ சிக்னல்'னு மட்டும் வருது. மொனிட்டர் போச்சாண்ணே?

போகவில்லை. அந்த எழுத்தைக் காட்டுவதே மொனிட்டர்தான். எழுத்து தெரிகிறது என்றால் அதன் திரை, பின்விளக்கு, உள்ளே கரண்ட் கொடுக்கும் பலகையான பவர் போர்ட் மூன்றும் வேலை செய்கின்றன. கோளாறு கேபிளிலோ சிபியுவிலோ இருக்கிறது, அல்லது மொனிட்டர் வேறு வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்த மூன்றாவதை முதலில் பாருங்கள். செலவில்லாத வேலை. மொனிட்டரின் மெனு பட்டனை அழுத்தி 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' என்ற இடத்துக்குப் போய், கேபிள் எதில் செருகியிருக்கிறதோ அதையே தெரிவு செய்யுங்கள். 'ஓட்டோ' என்று விட்டிருந்தாலும் சில மொனிட்டர்கள் வி.ஜி.ஏ. என்ற பழைய வகைத் துளையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். சரிவராவிட்டால் சிபியு, மொனிட்டர் இரண்டையும் ஓஃப் செய்து, கேபிளை இரண்டு முனையிலும் கழற்றித் திரும்பச் செருகுங்கள். எச்.டி.எம்.ஐ.க்குத் திருகாணி கிடையாது. மேசையைக் கொஞ்சம் நகர்த்தினாலே பாதி வெளியே வந்து நிற்கும்.

எழுத்தின் வார்த்தையையும் கவனியுங்கள். 'நோ கேபிள்', 'செக் சிக்னல் கேபிள்' என்று வந்தால், கேபிள் செருகியிருப்பதே மொனிட்டருக்குத் தெரியவில்லை: கேபிளையோ அதைச் செருகும் துளையான போர்ட்டையோ சந்தேகிக்கலாம். 'பவர் சேவிங்' என்று சொல்லிவிட்டு அணைந்தால் பெரும்பாலும் கேபிள் சரி, மறுபக்கத்திலிருந்து படம் அனுப்பப்படவில்லை. கடைக்காரரிடம் பேசும்போது இந்த வார்த்தையை அப்படியே சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

மொனிட்டர்ல லைட்டே எரியல. எழுத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல.

அப்படியானால் சிக்னலை விடுங்கள், கரண்டைப் பாருங்கள். பெரும்பாலான மொனிட்டர்களின் பவர் கேபிளும் சிபியுவின் பவர் கேபிளும் ஒரே வகைதான், மூன்று துளை உள்ளது. சிபியுவில் இருப்பதைக் கழற்றி மொனிட்டரில் போட்டுப் பாருங்கள். எரிந்தால் பழுது கேபிளில். எரியாவிட்டால், உருண்டைப் பின்னைச் சதுரப் பின்னாக மாற்றும் அந்தச் சின்ன அடாப்டரைச் சந்தேகியுங்கள். பழைய லயன் வீடுகளிலும் குவார்ட்டஸ்களிலும் அது ஆடிக்கொண்டே இருக்கும், உள்ளே கருகியும் இருக்கும்.

தனியே கறுப்பு அடாப்டர் உள்ள மொனிட்டராக இருந்தால் கையில் கிடைத்த அடாப்டரைச் செருகாதீர்கள். சிலவற்றுக்கு 12 வோல்ட், சிலவற்றுக்கு 14, சிலவற்றுக்கு 19. முனை பொருந்துகிறது என்பதற்காக வோல்ட் பொருந்தாது. மொனிட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளில் வோல்ட் அளவும் பிளஸ் உள்ளேயா வெளியேயா என்ற படமும் இருக்கும். அம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் இருட்டில் ஒரு டோர்ச்சைச் சரிவாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகன்கள் தெரிந்தால் படம் வருகிறது, பின்விளக்குத்தான் போய்விட்டது. அது ரிப்பேர்காரர் வேலை.

பின்னால ரெண்டு இடத்துல எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருக்கு. எதுல போடணும்?

'நோ சிக்னல்' என்று வருபவர்களில் நிறையப் பேர் மாட்டுப்படுவது இங்கேதான். சிபியுவின் பின்பக்கத்தைப் பாருங்கள். கீபோர்ட், மவுஸ் செருகும் யூ.எஸ்.பி. போர்ட்டுகளோடு ஒரே கூட்டமாக இருப்பது மதர்போர்டின் போர்ட். அதற்குக் கீழே, தனியே குறுக்காகக் கிடக்கும் தகட்டில் இருப்பது கிராபிக்ஸ் கார்டின் போர்ட். கார்ட் இருந்தால் கார்டில்தான் செருக வேண்டும். கார்டைப் போட்டவுடன் பல மதர்போர்டுகள் தங்கள் சொந்த போர்ட்டுகளைத் தாமாகவே அணைத்துவிடும்.

கார்டே இல்லாமல் மதர்போர்டில் செருகியும் படம் வரவில்லை என்றால் புரொசசரின் பெயரைப் பாருங்கள். ஐ3-12100எஃப், ஐ5-10400எஃப் போல இன்டெல் பெயர் எஃப் என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 3600, ரைசன் 5 5600 என்பவற்றுக்கும் கிடையாது, 5600ஜி-க்கு உண்டு. போர்ட் மதர்போர்டில் சும்மா இருக்கும், ஆனால் அதற்குப் படம் கொடுக்க ஆளில்லை. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுகிறவர்கள் விலை குறைவென்று எஃப் வகையை எடுத்துவிட்டு, கார்டை அடுத்த மாதம் பார்ப்போம் என்று விட்டால் அதுவரை இருட்டுத்தான்.

வி.ஜி.ஏ., டி.வி.ஐ., எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளே போர்ட் இதுல எது நல்லது?

இரண்டு பக்கமும் ஒரே வகை போர்ட் எது இருக்கிறதோ அதுதான் நல்லது. இடையில் மாற்றி எதுவும் வராமல் நேராகப் போகும் கேபிளுக்குப் பிரச்சினை குறைவு. இரண்டு மூன்று வகை ஒத்து வந்தால் டிஸ்ப்ளே போர்ட், எச்.டி.எம்.ஐ., டி.வி.ஐ., வி.ஜி.ஏ. என்ற வரிசையில் எடுங்கள். வி.ஜி.ஏ. மட்டும் அனலொக், மற்றவை டிஜிட்டல். டி.வி.ஐ.யிலும் அனலொக் கலந்த வகை உண்டு. சாதாரண டி.வி.ஐ. கேபிள் 60 ஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 60 தடவை படம் புதுப்பிக்கும் வேகத்தில், 1920×1200 வரைதான் தாங்கும்.

செகண்ட் ஹேண்ட் டெல் ஒண்ணு வாங்கினேன். எச்.டி.எம்.ஐ.யே இல்ல, வி.ஜி.ஏ.வும் எச்.டி.எம்.ஐ. மாதிரி ஆனா ஒரு மூல வெட்டுன ஓட்டையும்தான் இருக்கு. ஏமாத்திட்டாங்களா?

யாரும் ஏமாற்றவில்லை. அலுவலகங்களில் பாவித்துவிட்டு இறக்குமதியாகும் டெல்லின் ஒப்டிபிளெக்ஸ் போன்ற பெட்டிகள் பல அப்படித்தான் வரும். ஒப்டிபிளெக்ஸ் 7010-இல் இரண்டு டிஸ்ப்ளே போர்ட்டும் ஒரு வி.ஜி.ஏ.வும் இருக்கும். மூலை வெட்டிய ஓட்டைதான் டிஸ்ப்ளே போர்ட். அதற்கு 'டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.' என்று கேட்டு ஒரு கேபிளோ சின்ன அடாப்டரோ வாங்கினால் போதும். போர்ட்டின் அருகே 'டி.பி.' குறியும் இரண்டு பிளஸும் இருந்தால் விலை குறைந்த சாதாரண அடாப்டரே ஓடும்.

கவனிக்க வேண்டியது திசை. அந்த அடாப்டர் ஒருவழிப் பாதை: சிபியுவில் டிஸ்ப்ளே போர்ட், மொனிட்டரில் எச்.டி.எம்.ஐ. சிபியுவில் எச்.டி.எம்.ஐ.யும் மொனிட்டரில் டிஸ்ப்ளே போர்ட் மட்டும் இருந்தால் அதே கேபிளைத் திருப்பிப் போட்டு வேலைக்காகாது. முனைகள் அழகாகப் பொருந்தும், படம் வராது. அதற்கு யூ.எஸ்.பி.யில் கரண்ட் எடுக்கும் தனி கன்வேர்ட்டர் வேண்டும். கடையில் கேட்கும்போது 'எதிலிருந்து எதற்கு' என்று சொல்லிக் கேளுங்கள். எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

டிஸ்ப்ளே போர்ட் முனையில் சின்னக் கொக்கி இருக்கும். கழற்றும்போது மேலேயுள்ள பட்டனை அழுத்திக்கொண்டே இழுங்கள். அழுத்தாமல் இழுத்துப் போர்ட்டையே பெயர்த்தவர்கள் உண்டு.

பழைய வி.ஜி.ஏ. மொனிட்டர் இருக்கு, புதுக் கார்டுல வி.ஜி.ஏ. இல்ல. கன்வேர்ட்டர் போட்டா சரியா?

சரி, ஆனால் இங்கே வெறும் கம்பி மாற்றம் நடக்கவில்லை. டிஜிட்டலை அனலொக்காக்கும் சிப் ஒன்று உள்ளே வேலை செய்கிறது. அதற்கான கரண்டை அது எச்.டி.எம்.ஐ. போர்ட்டிலிருந்தே உறிஞ்சும். அந்த போர்ட் கொடுப்பதோ 5 வோல்ட்டில் கொஞ்சம்தான். அரை மணி நேரம் ஓடிவிட்டு, சூடாகி, படம் போய்ப் போய் வந்தால் காரணம் இதுவே. பக்கத்தில் மைக்ரோ யூ.எஸ்.பி. துளை உள்ள கன்வேர்ட்டராகப் பார்த்து வாங்கி, அதற்கு சிபியுவின் யூ.எஸ்.பி.யிலிருந்து கரண்ட் கொடுங்கள். திசை பற்றி முன் பதிலில் சொன்னது இதற்கும் பொருந்தும்.

சிப் எதுவும் இல்லாமல் இரண்டு முனையையும் வெறும் கேபிளால் இணைத்த 'எச்.டி.எம்.ஐ. வி.ஜி.ஏ. வயர்' என்றும் ஒன்று விற்கிறார்கள். அது எந்தக் கொம்பியூட்டரிலும் ஓடாது, வாங்காதீர்கள்.

படம் வருது, ஆனா எல்லாம் மஞ்சளா இருக்கு. ஒரு நாள் ரோஸ் கலர்ல இருந்துச்சு.

வி.ஜி.ஏ. கேபிளாக இருந்தால் இதைவிடச் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடிய பிழை வேறில்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிப் பின்னில் வருகின்றன: 1, 2, 3. நீலம் அறுந்தால் திரை மஞ்சளாகும், பச்சை அறுந்தால் ரோஸ், சிவப்பு அறுந்தால் நீலப்பச்சை. கேபிளை முனைக்கருகில் மெல்ல ஆட்டும்போது நிறம் போய்ப் போய் வந்தால் கேபிளை மாற்றுங்கள். வராவிட்டால் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பின்களைப் பாருங்கள். ஏதாவது ஒன்று சாய்ந்து படுத்திருக்கும். மெக்கானிக்கல் பென்சிலில் ஈயத்தை எடுத்துவிட்டு, அந்தக் குழாய் முனையைப் பின்னில் மாட்டி மெல்ல நிமிர்த்தலாம். மேல்வரிசையில் ஐந்து, நடுவில் ஐந்து, கீழே ஐந்து என்று எண்ணி, நடு வரிசையில் ஒன்று இல்லையே என்று பதறாதீர்கள். பல கேபிள்களில் 9-ஆம் பின் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும்.

எச்.டி.எம்.ஐ.யில் முழுத் திரையும் ரோஸாகவோ பச்சையாகவோ வந்தால் இந்தக் கதை பொருந்தாது. மொனிட்டரை ஓஃப் செய்து கேபிளைத் திரும்பச் செருகிப் பாருங்கள். அதற்குப் பிறகும் இருந்தால் கிராபிக்ஸ் கார்டின் கொண்ட்ரோல் பேனலில் கலர் ஃபோர்மட்டை ஆர்.ஜி.பி. என்று மாற்றுங்கள்.

1024×768-க்கு மேல போகவே மாட்டேங்குது. எழுத்தெல்லாம் பூதம் மாதிரி இருக்கு.

இரண்டு காரணங்களில் ஒன்று. கிராபிக்ஸ் டிரைவர் (படத்தை இயக்கும் மென்பொருள்) இல்லை, அல்லது மொனிட்டர் தன்னைப் பற்றிச் சொல்வது கொம்பியூட்டருக்குக் கேட்கவில்லை. டிவைஸ் மனேஜரைத் திறந்து 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதைப் பாருங்கள். 'மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் டிரைவரைப் போடுங்கள், முடிந்தது.

டிரைவர் இருக்கிறது, ஆனால் 'மொனிட்டர்ஸ்' என்பதன் கீழ் 'ஜெனரிக் நொன் பி.என்.பி. மொனிட்டர்' என்று இருந்தால் இரண்டாவது காரணம். எந்த அளவுப் படம் தனக்குப் பொருந்தும் என்ற பட்டியலை மொனிட்டர் ஒவ்வொரு முறையும் கேபிள் வழியே அனுப்புகிறது. வி.ஜி.ஏ.யில் அது 12, 15 ஆகிய பின்களில் போகும். மலிவு கேபிள்களில் அந்தக் கம்பிகளையே விட்டிருப்பார்கள். படம் வரும், பட்டியல் வராது. நல்ல கேபிள் போட்டவுடன் சரியான அளவு தானாக வந்துவிடும்.

கெட்டில் போட்டாலோ தண்ணி மோட்டர் ஓடினாலோ மொனிட்டர் ஒரு செக்கன் கறுப்பாகி திரும்ப வருது.

மோட்டரும் ஹீட்டரும் ஓனாகும் கணத்தில் லைனில் ஒரு துடிப்பு வரும், வோல்ட்டும் சற்று விழும். நல்ல கேபிளும் நல்ல எர்த்தும் இருந்தால் மொனிட்டருக்கு அது தெரியவே தெரியாது. ஒன்று குறைந்தால் எச்.டி.எம்.ஐ. இணைப்பு ஒரு கணம் அறுந்து திரும்பப் பேச ஆரம்பிக்கும். அந்த ஒரு செக்கன் கறுப்பு அதுதான்.

முதலில் கொம்பியூட்டரை வேறு பிளக் பொயின்ட்டுக்கு மாற்றுங்கள், கெட்டிலும் அதுவும் ஒரே எக்ஸ்டென்ஷனில் இருக்கக் கூடாது. அடுத்து, செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே என்று போய் ரிஃப்ரெஷ் ரேட்டை (எத்தனை ஹேர்ட்ஸ் என்ற அளவை) குறைத்துப் பாருங்கள். 144-ஐ 60 ஆக்கியவுடன் நின்றால் கேபிள் தாங்கவில்லை என்று அர்த்தம். மேசைக்கு 1.5 அல்லது 2 மீட்டர் கேபிள் போதும். ஐந்து மீட்டர் வாங்கிச் சுருட்டிப் போடுவதில் எந்த இலாபமும் இல்லை. எதுவும் செய்யாமலே இப்படி நடந்தால் அடுத்த பதிலை வாசியுங்கள்.

சிபியு பெட்டியத் தொட்டா விறுவிறுன்னு கரண்ட் அடிக்குது. அதுக்கும் மொனிட்டருக்கும் சம்பந்தம் இருக்கா?

நேரடிச் சம்பந்தம். கொம்பியூட்டரின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் இரண்டு, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் தகட்டுக்குப் போகின்றன. வீட்டில் எர்த் இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி நமது 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியில் மிதக்கும். ஓடும் கரண்ட் மிகச் சிறியது என்பதால் விறுவிறுப்பு மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த நிலையில் எச்.டி.எம்.ஐ.யைச் செருகும் கணத்தில், முனையின் தகடு சரியாகத் தொடுவதற்கு முன்னால் உள்பின் தொட்டுவிட்டால், அந்தக் கசிவு முழுவதும் ஒரு மெல்லிய சிப்புக்குள் பாயும். 'நேத்து வரைக்கும் ஓடுச்சு, கழட்டி மாட்டினேன், போர்ட் செத்துப்போச்சு' என்பதற்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது. வி.ஜி.ஏ. மொனிட்டரில் ஓடும் அலைகளுக்கும் காரணம் இதே மிதப்பாக இருக்கலாம்.

உடனே செய்யக்கூடியவை: கேபிள் கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் முன்னால் சிபியு, மொனிட்டர் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள், சுவிட்ச்சை அணைத்தால் மட்டும் போதாது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்ட்டில் போடுங்கள். இரண்டு பின் அடாப்டரில் சிபியுவைப் போடாதீர்கள்.

நிரந்தரத் தீர்வு எர்த் கம்பி. பழைய லயன்களில் பிளக் பொயின்ட்டில் மூன்றாவது துளை இருக்கும், பின்னால் வயரே இருக்காது. அதை லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் ரொட் இறக்கிச் செய்ய வேண்டும், ட்ரிப் சுவிட்ச்சையும் அவரையே சோதிக்கச் சொல்லுங்கள். எர்த்தை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிடுகிறேன், தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் பெட்டி முழுவதும் 230 வோல்ட்டாகிவிடும், ஆள் போய்விடுவார்.

நேத்து இடி விழுந்துச்சு. கொம்பியூட்டர் ஓடுது, ஆனா எச்.டி.எம்.ஐ.ல மட்டும் படம் வரல.

மின்னல் பெரும்பாலும் பவர் கேபிள் வழியே மட்டும் வருவதில்லை. டிஷ் என்டெனா வயர், டெலிபோன் லைன், வெளியே இழுத்த நெட்வேர்க் கேபிள் எல்லாமே அதற்கு வழிதான். டி.வி.யோடோ ரவுட்டரோடோ இணைந்திருக்கும் பெட்டியில் முதலில் அடிபடுவது அந்தப் போர்ட்டுகள்தான்.

எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க மொனிட்டரை வேறொரு கொம்பியூட்டரில், அல்லது டி.வி. டிகோடரில் அதே எச்.டி.எம்.ஐ. துளையில் மாட்டுங்கள். அங்கே வந்தால் பழுது சிபியு பக்கம். பிறகு சிபியுவின் மற்றப் போர்ட்டைச் சோதியுங்கள். எச்.டி.எம்.ஐ. செத்தாலும் வி.ஜி.ஏ. அல்லது டிஸ்ப்ளே போர்ட் உயிரோடு இருப்பது சகஜம். ஒன்று ஓடினாலே போதும், மதர்போர்ட் மாற்றத் தேவையில்லை.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் கறுத்தால் பிளக்கையும் என்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள். சேர்ஜ் புரொடெக்டர் இருக்கிறதே என்று இருக்காதீர்கள். எர்த் இல்லாத வீட்டில் அதன் வேலை பாதிதான்.

காலைல மட்டும்தான் பிரச்சின. அஞ்சாறு தடவ ஓன் பண்ணினாத்தான் படம் வருது, பத்து மணிக்கு மேல நல்லா ஓடுது.

நுவரெலியா, கந்தப்பளை, ராகலைப் பக்கம் இது அதிகம். குளிரும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை. முதலாவது பதிலில் சொன்ன முறையில் மொனிட்டரையும் சிபியுவையும் பிரித்துப் பாருங்கள். சிபியுவோடு இணைக்காமல் மொனிட்டரை மட்டும் காலையில் ஓன் செய்யுங்கள். 'நோ கேபிள்' என்ற எழுத்து உடனே தெளிவாக வந்தால் மொனிட்டர் சரி.

எழுத்தே மினுக்கி மினுக்கி வந்தால் மொனிட்டரின் பவர் போர்ட்டில் கெப்பாசிட்டர்கள் வயதாகிவிட்டன. குளிரில் அவை இன்னும் பலவீனமாகும், சூடேறியதும் ஓரளவு தேறும். தலை உப்பியிருப்பது கண்ணுக்கே தெரியும். அதே மைக்ரோஃபராட், அதே அல்லது கூடிய வோல்ட், 105 டிகிரி வகையாகப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். ஓஃப் செய்த பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும், தெரியாதவர்கள் திறக்க வேண்டாம்.

மொனிட்டர் சரி என்றால் ரேமைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, தங்க நிற விளிம்பை வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்திப் பூட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டின் விளிம்புக்கும் அதே மருந்து. விறகடுப்பு உள்ள வீட்டில் புகைக்கரி எண்ணெய்ப் பசையாகப் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அங்கே ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட துணி வேண்டும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டாம். குளிர்ந்த பெட்டியைச் சமையலறை ஆவி வரும் இடத்திலோ மிஸ்ட் உள்ளே வரும் ஜன்னலடியிலோ வைக்காதீர்கள். பொலித்தீன் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், பழைய பருத்தித் துணி போதும்.

ரெண்டாவது மொனிட்டர் மாட்டினேன், காட்டவே இல்ல.

விண்டோஸ் கீயோடு பி-யை (P) அழுத்தி 'எக்ஸ்டென்ட்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். வராவிட்டால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'டிடெக்ட்'. அதிலும் வராவிட்டால் ஓடும் மொனிட்டரின் கேபிளையே எடுத்து இரண்டாவதில் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது கள்ளன் என்று தெரியும்.

ஒன்றை கார்டிலும் மற்றதை மதர்போர்டிலும் செருகியிருந்தால் மூன்றாவது பதிலில் சொன்ன காரணத்தால் மதர்போர்டின் போர்ட் தூங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் திறக்கும் மதர்போர்ட் செட்டிங்கான பயோஸில் 'ஐ.ஜி.பி.யூ. மல்டி மொனிட்டர்' அல்லது அதைப் போன்ற பெயரில் இருப்பதை 'எனேபிள்' செய்யுங்கள். புரொசசரில் கிராபிக்ஸ் இருந்தால் மட்டுமே இது பலிக்கும்.

எண்ணிக்கையிலும் எல்லை உண்டு. இன்டெல் இரண்டாம் தலைமுறைப் புரொசசர் ஒரே நேரத்தில் இரண்டு திரைகளைத்தான் ஓட்டும், 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை மூன்றை ஓட்டும். என்விடியாவில் அதே ஆண்டு வந்த கெப்ளர் வகைக்கு முந்திய கார்டுகளுக்கும் இரண்டுதான், பின்னால் மூன்று போர்ட் இருந்தாலும். ஒரு எச்.டி.எம்.ஐ.யை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரை வாங்கியவர்களுக்கு: அது ஒரே படத்தைத்தான் இரண்டிலும் காட்டும். டியூஷன் வகுப்பில் பின்வரிசைக்கு ஒரு திரை வைக்க நல்லது, இரண்டு வேலைக்கு உதவாது.

கம்பெனி லோகோ வருது, விண்டோஸ் வட்டம் சுத்துது, அதுக்கப்புறம் இருட்டு.

லோகோ வந்ததால் கேபிள், போர்ட், மொனிட்டர் மூன்றும் ஓரளவு நிரபராதிகள். பிழை விண்டோஸுக்குள். முதலில் விண்டோஸ், கொண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும், ஒரு 'பீப்' கேட்கலாம். பிறகு விண்டோஸ் கீயோடு பி (P): முன்பு டி.வி.யில் 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' என்று பார்த்துவிட்டு அப்படியே அணைத்திருந்தால், படம் இப்போது பார்க்காத அந்த டி.வி.க்கே போய்க்கொண்டிருக்கும்.

'அவுட் ஒஃப் ரேஞ்ச்' என்று வந்தால் மொனிட்டரால் முடியாத ரிஃப்ரெஷ் ரேட். விண்டோஸ் ஏறும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை மூன்று தடவை செய்தால் பழுதுபார்க்கும் நீலத் திரை வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பட்டியலில் 3 குறைந்த ரெசொலூஷன், 4 சேஃப் மோட். 3-இல் படம் வந்தால் அளவை மாற்றிவிடுங்கள். 4-இல் மட்டும் வந்தால் டிரைவரை அகற்றிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

லோகோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஃபேன் மட்டும் சுத்துது. இதுக்கு மொனிட்டர மாத்தணுமா?

வேண்டாம். கீபோர்டில் கெப்ஸ் லொக்கை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கொம்பியூட்டர் உள்ளே ஓடுகிறது, படம் மட்டும்தான் இல்லை. விளக்கு அசையாவிட்டால் பெரும்பாலும் அது ஓட ஆரம்பிக்கவே இல்லை: ரேமைப் பார்க்க வேண்டும், காலைக் குளிர்ப் பதிலில் சொன்ன அழிறப்பர் வேலைதான். பல புதிய மதர்போர்டுகளில் சி.பி.யூ. (இங்கே புரொசசர்), டிரேம் (ரேம்), வி.ஜி.ஏ. (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் ஏறும் டிஸ்க்) என்று நான்கு சின்ன விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

கிராபிக்ஸ் கார்டின் மேல்விளிம்பில் 6 அல்லது 8 பின் துளை இருந்தால் பவர் சப்ளையிலிருந்து அதற்கு வயர் போயிருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மதர்போர்டின் காசு வடிவ சி.ஆர். 2032 பெட்டரியை ஐந்து நிமிடம் கழற்றிவைத்துப் போடுவதும் சில நேரம் கைகொடுக்கும்.

இன்னொன்று, கொஞ்சம் விசித்திரமானது. டிஸ்ப்ளே போர்ட் கேபிள் செருகியிருந்தால் கொம்பியூட்டர் ஓனாகாது, கழற்றினால் ஓனாகும். காரணம், அந்தக் கேபிளின் 20-ஆம் பின் இரண்டு முனையிலும் இணைக்கப்பட்டிருக்கிறது. தரமான கேபிளில் அது இணைக்கப்பட்டிருக்கக் கூடாது. மொனிட்டரிலிருந்து 3.3 வோல்ட் பின்வழியாகக் கார்டுக்குள் வந்து அதைக் குழப்புகிறது. கேபிளை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

144 ஹேர்ட்ஸ் மொனிட்டர்னு வாங்கினேன், 60-தான் காட்டுது.

விண்டோஸ் தானாக 60-இல் விட்டிருக்கும். கெட்டில் பதிலில் சொன்ன அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே இடத்திலேயே மாற்றலாம். பட்டியலில் 144 இல்லாவிட்டால் டிஸ்ப்ளே போர்ட் கேபிளுக்கு மாறுங்கள். பல மொனிட்டர்களில் முழு வேகம் அந்தத் துளையில்தான் கிடைக்கும். 4கே மொனிட்டருக்கும் இதே கதை: எச்.டி.எம்.ஐ. 1.4-இல் 30 ஹேர்ட்ஸ்தான், 60 வேண்டுமென்றால் சிபியு, கேபிள், மொனிட்டர் மூன்றும் 2.0 ஆக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று பழையது என்றாலும் பழையதன் வேகம்தான்.

படம் வருது, மொனிட்டர்ல சத்தம் வரல.

டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி மொனிட்டரின் பெயரைத் தெரிவு செய்யுங்கள். வி.ஜி.ஏ.யிலும் பெரும்பாலான டி.வி.ஐ.யிலும் சத்தம் வராது. மொனிட்டருக்குள் ஸ்பீக்கரே இல்லாததும் உண்டு, இயர்ஃபோன் துளை மட்டும் இருக்கும்.

டவுன் கடைக்குக் கொண்டுபோகணும். சிபியுவ மட்டும் எடுத்துட்டுப் போனா போதுமா?

சிபியுவோடு நீங்கள் பாவிக்கும் வீடியோ கேபிளையும், அடாப்டர், கன்வேர்ட்டர் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். கடையில் அவர்களுடைய கேபிளில், அவர்களுடைய மொனிட்டரில் படம் வந்துவிடும், 'ஒண்ணுமில்லையே' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், வீட்டுக்கு வந்தால் திரும்பவும் இருட்டு. மொனிட்டரைத் தூக்குவது கஷ்டம் என்றால் அதன் பின்பக்கப் போர்ட்டுகளையும் லேபிளையும் திரையில் வந்த எழுத்தையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் கொண்டுபோவதானால், பெரிய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியே துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதை வளைவுகளில் பெட்டி குலுங்கும்போது கனமான கார்ட் மதர்போர்ட் துளையை உடைத்துவிடும். மொனிட்டரைக் கொண்டுபோனால் படுக்கவைக்காமல், நிமிர்த்தி, திரைப்பக்கம் ஒரு மட்டை வைத்துக் கட்டுங்கள்.